பெட்டிகளைப் பிரிக்காதீர்கள்: ஓர் அப்போதிக்கரியின் பதிவேடுகளும் அவர் மாமனார் வீட்டு உறுதிகளும் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முகாமைத்துவக் குழுவினருக்கு,

உங்கள் பொறுப்பில் இருக்கும் அப்போதிக்கரி (மருந்து கலந்து கொடுத்து வைத்தியமும் பார்ப்பவர்) குடும்பத்து ஆவணங்கள் பற்றி நீங்கள் எடுத்திருக்கும் முடிவை எங்களால் ஏற்க முடியவில்லை. வைத்தியரின் நோயாளர் பதிவேடுகளை ஸ்கான் செய்துவிட்டு அசலைக் கழிவுக் கடதாசியோடு அனுப்புவது, மாமனார் வழிக் காணிப் பத்திரங்களைத் தனியே எடுத்து லமினேற் செய்து வேறோர் இடத்தில் காட்சிக்கு வைப்பது, பற்றுச்சீட்டுகளையும் கூலிக் கணக்குகளையும் மருந்துச் சிட்டைகளையும் "பெறுமதியற்றவை" என்று கழிப்பது ஆகியவையே அந்த முடிவு. இடமும் பணமும் இல்லை என்பது நீங்கள் சொல்லும் காரணம். பழைய தாள்களைத் துப்புரவு செய்து, பட்டியலிட்டு, படமெடுப்பது எங்கள் வேலை. அந்த வேலையிலிருந்து எங்களுக்குத் தெரிந்ததை வைத்தே இதை எழுதுகிறோம். இந்தத் தாள்கள் பொதுமக்களுக்கும் உரியவை என்பதால் பகிரங்கமாக எழுதுகிறோம். குடும்பத்தின் பெயரையும் உங்கள் நிறுவனத்தின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம்.

இந்தச் சேகரிப்பை அறியாத வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். வைத்தியர் கொழும்பில் அப்போதிக்கரிப் பயிற்சி பெற்றவர். வன்னியில் அரச டிஸ்பென்சரியில் (மருந்தகத்தில்) வேலை செய்து, பிறகு அங்கேயே சொந்தமாக மருந்து கொடுத்தவர். அவருடைய மாமனாரும் மைத்துனர்மாரும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறிய முதல் தலைமுறையினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டதும், குடாநாட்டின் நில நெருக்கடியைக் குறைக்க 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கியதும் எல்லாரும் அறிந்தவை. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அங்கே கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரங்கள் இந்தப் பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றோடு குடாநாட்டுக் காணி உறுதிகள் (உரிமைப் பத்திரங்கள்), சீதன உறுதி, சாதகக் குறிப்புகள், வாகட ஏடுகள் (ஓலையில் எழுதிய மருத்துவ நூல்கள்) சில, நெற்கணக்குக் கொப்பிகள், வைத்தியரின் நாட்பதிவேடுகள், மருந்துக் கொள்வனவுச் சிட்டைகள், கடிதங்கள் எல்லாம் சேர்ந்து எட்டு ட்றங்குப் பெட்டிகள்.

நீங்கள் இவற்றை "மருத்துவம்", "காணி", "கழிவு" என்று மூன்றாகப் பார்க்கிறீர்கள். இது ஒரே சேகரிப்பு. அதன் பெறுமதி ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையில் இருக்கும் தொடர்பில்தான் இருக்கிறது.

நாட்பதிவேட்டில் ஒரு பக்கத்தைப் பாருங்கள். புல்ஸ்காப் தாள், நீலக்கறுப்பு மை. இடது ஓரத்தில் தொடர் எண், பிறகு பெயர், வயது, ஊர். அடுத்த நிரலில் "காய்ச்சல், மண்ணீரல் மூன்று விரல்". அதற்கு நேரே மலேரியா மருந்தான கொயினா பத்துக் கிரெய்ன், நாளுக்கு மூன்று வேளை. கடைசி நிரலில் சதக் கணக்கு. சில இடங்களில் காசுக்குப் பதிலாக "நெல்" என்று மட்டும் இருக்கிறது. விலா எலும்புக்குக் கீழே மண்ணீரல் எத்தனை விரல் அளவு இறங்கியிருக்கிறது என்று கைவைத்துப் பார்த்து எழுதுவது அந்தக் காலத்து மலேரியாப் பரிசோதனை. இரத்தத்தை நுண்நோக்கியில் பார்க்க வசதியில்லாத இடத்தில், ஓர் ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்பதே அந்த ஊரில் நோய் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதற்கு அளவுகோல். அந்த அளவுகோல் வயதோடும் ஊரோடும் திகதியோடும் பக்கம் பக்கமாக இங்கே எழுதப்பட்டிருக்கிறது.

1934-35 மலேரியாப் பெருந்தொற்றில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அது மிகக் கடுமையாகத் தாக்கியது தென்மேற்குப் பக்கத்து மாவட்டங்களை. வன்னி போன்ற உலர்வலயத்திலோ மலேரியா ஆண்டுதோறும் வந்து போகும் நோயாக முன்பிருந்தே இருந்தது. 1946இல் நுளம்பைக் கொல்லும் டிடிரி தெளிப்பு நாடெங்கும் பரவலானது. 1963இல் நாடு முழுவதற்கும் வெறும் 17 நோயாளர் என்ற அளவுக்கு மலேரியா இறங்கியது. அந்தப் பத்தாண்டு முடியுமுன் மீண்டும் இலட்சக்கணக்கில் எழுந்தது. 2016 செப்டெம்பரில்தான் இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இந்தக் கதை அரச அறிக்கைகளில் ஆண்டு வாரியாக, மாவட்ட வாரியாகக் கிடைக்கும். ஒரு குடியேற்ற வாய்க்காலின் ஓரத்தில் இருந்த வீடுகளில் எந்த மாதம், எந்த வயதில், எத்தனை தடவை திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்தது என்பது அங்கே கிடைக்காது. தனியார் வைத்தியரிடம் போனவர்கள் அரச டிஸ்பென்சரிக் கணக்கில் ஏறமாட்டார்கள். அவர்களைப் பற்றிய எழுத்து இந்தப் பதிவேடுகளில்தான் இருக்கிறது.

இப்போது அதே ஆண்டின் நெற்கணக்குக் கொப்பியை, மாமனார் எழுதியதை, பக்கத்தில் வையுங்கள். காலபோக விதைப்பு எப்போது, களை எடுக்க எத்தனை பேர், யார் வரவில்லை, அருவி வெட்டுக்கு வெளியிலிருந்து எத்தனை கூலிகளை அழைத்தார்கள் என்று அதில் இருக்கிறது. மாரி மழை முடிந்து தண்ணீர் தேங்கும் மாதங்களில் உலர்வலயத்தில் மலேரியா ஏறும். வைத்தியரின் பதிவேட்டில் காய்ச்சல் வரிசை நீளும் வாரங்களில் மாமனாரின் கொப்பியில் கூலி நிரல் வெறுமையாகக் கிடக்கிறது. குடியேற்றத்தில் ஒரு குடும்பம் நின்றதற்கும் இன்னொரு குடும்பம் காணியை விட்டுத் திரும்பிப் போனதற்கும் காரணம் தேடுகிறவருக்கு இந்த இரண்டு கொப்பிகளும் ஒரே மேசையில் வேண்டும். ஒன்றைக் கழித்து மற்றதைக் கண்ணாடிக்குள் வைத்தால் இரண்டுமே ஊமையாகிவிடும்.

"கழிவு" என்று நீங்கள் ஒதுக்கிய கூலிக் கணக்கும் மருந்துச் சிட்டையும் இந்தத் தொடர்பின் நடுக்கண்ணி. கொயினா எந்த மாதம் எத்தனை அவுன்ஸ் வாங்கப்பட்டது, எப்போது கிடைக்காமல் போனது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதற்குப் பதிலாக எது வந்தது என்று சொல்பவை அந்தச் சிட்டைகள். 1942இல் யாவாத் தீவு ஜப்பானியர் கைக்குப் போனதோடு உலகச் சந்தையில் கொயினா அருகிவிட்டது. அந்தத் தட்டுப்பாடு வன்னியில் ஒரு வைத்தியரின் அலுமாரி வரை எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பதிவேடு மட்டும் சொல்லாது. பதிவேட்டில் "கொடுத்தது" இருக்கும், சிட்டையில்தான் "வந்தது" இருக்கும்.

அடுத்தது சீதன உறுதி. இதைக் காணிப் பத்திரமாகக் கருதி மாமனார் பக்கம் சேர்த்திருக்கிறீர்கள். வைத்தியரின் வீடும் மருந்து கொடுத்த முன்கூடமும் நின்றது அந்தச் சீதனக் காணியில்தான். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையும், அதன் தொடர்ச்சியாக வந்த 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் பெண்ணின் சீதனத்தை அவளுடைய தனிச் சொத்தாகவே வைக்கின்றன. ஆனால் அசையாச் சொத்தை அவள் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அதனால்தான் மாமனார் வழிக் காணியின் பிந்திய உறுதிகள் பலவற்றில் வைத்தியரின் கையொப்பம் இருக்கிறது. எந்தப் பத்திரம் எந்தப் பக்கம் போகும் என்று இந்தக் குடும்பத்துத் தாள்களில் கோடு கிழிக்க முடியாது. கிழித்தால் அந்தப் பெண்ணின் சொத்து வரலாறு நடுவில் அறும்.

சட்டப் பக்கமும் இருக்கிறது. இதைச் சற்று நின்று வாசிக்கும்படி கேட்கிறோம். நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) ஓர் உறுதியை முடிக்கும்போது ஒரு படி அவரிடம், இன்னொரு படி காணிப் பதிவகத்துக்கு, அசல் உரியவர் கைக்கு என்று பிரியும். போரிலும் இடப்பெயர்விலும் வடக்கில் எத்தனையோ காணி ஆவணங்கள் அழிந்தன. சில காணிகளுக்கு இன்று குடும்பத்தின் கையில் இருக்கும் தாள் மட்டுமே மிச்சம். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி, முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஓர் ஆவணம் இருக்கவேண்டிய பொறுப்பிலிருந்து கொண்டுவரப்பட்டால், அதன் எழுத்தும் கையொப்பமும் உரியவருடையவையே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். "இருக்கவேண்டிய பொறுப்பு" என்பதைக் கவனியுங்கள். குடும்பத்திடமிருந்து உங்களிடம் எப்போது, எந்தப் பட்டியலோடு, யார் கையெழுத்தில் வந்தது என்ற சங்கிலி முழுமையாக இருக்கவேண்டும். காட்சிக்கு என்று ஓர் உறுதியைப் பட்டியலில்லாமல் வேறிடம் அனுப்பினால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். நாளைக்கு அந்தக் காணியில் இருப்பவரின் பிள்ளை வழக்கில் நிற்கும்போது நட்டம் அவருக்கு.

லமினேற் செய்வதைப் பற்றி எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் போதாது. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் உறுதிகளைக் காப்பாற்றவென்று நல்ல மனத்தோடு கடையில் கொடுத்து லமினேற் செய்தவர்கள் ஏராளம். அந்தத் தாள்கள் இப்போது எங்கள் மேசைக்கு வருகின்றன. கடை இயந்திரம் நூறு பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிப் பிளாஸ்ரிக் பசையை உருக்கித் தாளின் நாருக்குள் இறக்கிவிடும். பிறகு அதைத் தாளுக்குச் சேதமின்றிப் பிரிக்க வழியே இல்லை என்று சொல்லலாம். 1930களின் அச்சுப் படிவங்கள் பெரும்பாலும் மரக்கூழ்த் தாள். அதில் அமிலம் தானாகவே ஊறும். வெளியே போக வழியில்லாமல் அடைபட்டால் தாள் உள்ளேயே பழுத்து நொறுங்கும். ஓரம் சற்றுத் திறந்தாலும் ஈரம் புகுந்து உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். முத்திரையின் புடைப்பு, மை தாளில் இறங்கிய தடம், அழித்து எழுதிய இடம் என அசலா போலியா என்று பார்ப்பவர் விரலாலும் சாய்ந்த வெளிச்சத்தாலும் தேடும் எல்லாமே பிளாஸ்ரிக்குக்குக் கீழே தட்டையாகிவிடும். கண்ணுக்குத் தெரியும்படி வைக்கவேண்டிய தாளை மைலார் எனப்படும் தெளிந்த பொலியெஸ்ரர் உறைக்குள், இரு பக்கம் திறந்தபடி, சூடும் பசையும் இல்லாமல் வைக்கலாம். வேண்டும்போது வெளியே எடுக்கலாம். பீவீசீ உறை வேண்டாம். சில ஆண்டுகளில் அது ஒட்டும், எழுத்தையும் பிய்த்துக்கொண்டு வரும்.

நீலக்கறுப்பு மையைப் பற்றியும் தெரிந்திருக்கவேண்டும். அது இரும்பு உப்புச் சேர்த்த மை. எழுதிய இடத்திலேயே மெல்ல மெல்ல அமிலத்தை உண்டாக்கித் தாளைத் தின்னும். பதிவேட்டில் தடித்துக் கோடிட்ட இடங்களில் தாள் வெடித்திருப்பது அதனால்தான், பூச்சியால் அல்ல. அதை ஈரத்துணியால் துடைத்தாலோ, தண்ணீர்ப் பசையால் ஒட்டினாலோ இரும்பு அயன்கள் ஈரத்தோடு பரவி, நன்றாக இருந்த இடத்தையும் தின்னத் தொடங்கும். பற்றுச்சீட்டுகளில் வேறோர் ஆபத்து: கொப்பிப் பென்சில். உலர்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சிலாகச் சாம்பல் நிறத்தில் தெரியும். ஒரு துளி ஈரம் பட்டால் ஊதாவாக மாறிப் பரவி எழுத்தே போய்விடும். றப்பர் முத்திரைகளும் அப்படித்தான். மடிப்பு விரிக்க நீராவி காட்டுவது வழக்கம் என்று உங்கள் ஊழியர்கள் சொன்னார்கள். இந்தச் சேகரிப்பில் மையைப் பரிசோதிக்காமல் ஒரு தாளுக்கும் அதைச் செய்யவேண்டாம். எழுத்தின் ஓர் ஓரத்தில் ஊசிமுனை அளவு ஈரத்தை வைத்து, ஒற்றுத்தாளால் ஒற்றிப் பார்த்தால் போதும். நிறம் இறங்கினால் அந்தத் தாளை உலர்வாகவே விரிக்கவேண்டும், நாள்கணக்கில், மேலே சிறு பாரம் வைத்து.

குண்டூசிகளும் கவ்விகளும் கறள் பிடித்திருக்கின்றன. இழுத்து எடுக்கவேண்டாம். தாளின் இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்ரிக் துண்டைச் செருகி, மழுங்கிய கத்தியால் கவ்வியின் ஒரு காலை நிமிர்த்தி எடுக்கவேண்டும். எடுத்தவுடன் எந்தத் தாள் எதனோடு சேர்ந்திருந்தது என்பதைப் பென்சிலால் குறிக்கவேண்டும். மருந்துத் துண்டு ஒன்று ஒரு பதிவேட்டுப் பக்கத்தோடு குத்தப்பட்டிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். பக்க எண்ணும் பென்சிலால்தான் எழுதவேண்டும். குமிழ்முனைப் பேனை வேண்டாம். உங்கள் நிறுவனத்தின் றப்பர் முத்திரையை எழுத்தின் மேல் குத்துவதும் வேண்டாம். ஏற்கனவே சில தாள்களில் குத்தியிருக்கிறீர்கள்.

பூச்சிக்கு நப்தலீன் உருண்டைகளைப் போட்டிருக்கிறீர்கள். பூஞ்சணத்தை அது ஒன்றும் செய்யாது. இராமபாணப் பூச்சியை விரட்டலாம், முட்டையை அழிக்காது. மூடிய அறையில் வேலை செய்பவருக்குக் கேடு. உயிருள்ள பூச்சி இருக்கும் கட்டுகளைத் தடித்த பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, கழித்தல் 18 பாகைக்குக் கீழே உறைகுளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்து ஒரு முழு நாள் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பையைத் திறக்கவேண்டும். உடனே திறந்தால் காற்றின் ஈரம் தாளில் பனித்துவிடும். பூஞ்சணம் பிடித்தவற்றை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, காற்றோட்டமான நிழலில் உலரவிட்டு, முகக்கவசத்தோடு மென்தூரிகையால் வெளியே நின்று தட்டவேண்டும். வெயிலில் காயவைப்பது வேண்டாம்.

குளிரூட்டி வாங்கப் பணம் கிடைக்கும் வரை எதுவும் செய்ய முடியாது என்கிறீர்கள். பகலில் எட்டு மணி நேரம் ஓடி இரவில் நிறுத்தப்படும் குளிரூட்டி, குளிரூட்டியே இல்லாத அறையை விடக் கெடுதி. குளிர்ந்த தாளில் இரவின் ஈரக்காற்று படும். ஒவ்வொரு நாளும் தாள் விரிந்து சுருங்கும். கார்த்திகை, மார்கழியில் இங்குள்ள ஈரப்பதத்தில் பூஞ்சணம் வர அது போதும். ஓட்டுக் கூரை, எதிரெதிர் யன்னல், நாள் முழுவதும் மெல்லச் சுற்றும் மின்விசிறி, வெளிச்சுவரிலிருந்து விலகி நிலத்திலிருந்து ஆறு அங்குலம் உயர்ந்த தட்டு ஆகியவை இருந்தால் முதல் சில ஆண்டுகளுக்கு இந்தச் சேகரிப்புக்குப் போதும். வாகட ஏடுகளை மட்டும் தனித்துப் பாருங்கள். அவற்றுக்குத் தாளின் முறைகள் பொருந்தாது. கயிற்றை இறுக்கிக் கட்டாமல், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, இரு பலகைக்கிடையே வைத்தால் போதும்.

இடத்தைப் பற்றி ஒரு கணக்கு. எட்டு ட்றங்குப் பெட்டித் தாளை ஒழுங்காகப் பிரித்து அடுக்கினால் ஏறக்குறைய நாற்பது ஆவணப் பெட்டி வரும். ஒவ்வொன்றும் 12 சென்ரிமீற்றர் தடிப்பு. மொத்தம் ஐந்து மீற்றருக்கும் குறைவு. ஐந்து தட்டுள்ள ஒரு மீற்றர் அகல உருக்குத் தட்டு ஒன்றில் முழுச் சேகரிப்பும் அடங்கும். உங்கள் வரவேற்பறையில் வெறுமையாக நிற்கும் அலுமாரிகளில் ஒன்றின் இடம் அது.

இனி ஸ்கான். எண்ணிமப்படுத்துவதை நாங்கள் எதிர்க்கவில்லை. எங்கள் வேலையில் பாதி அதுதான். 2005 முதல் நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ் எழுத்துகளை எண்ணிமமாக்கி இலவசமாகக் கொடுத்துவருவது எவ்வளவு பெரிய கொடை என்பதை அறிவோம். ஆனால் அசலைக் கழிப்பதற்காகச் செய்யும் ஸ்கான் வேறு வேலை. நீங்கள் காட்டிய மாதிரிக் கோப்புகள் தொலைபேசிச் செயலியால் எடுக்கப்பட்டவை. அந்தச் செயலி தாளை வெள்ளையாக்கி எழுத்தைக் கறுப்பாக்குகிறது. பென்சில் குறிப்புகள் முழுவதும் மறைந்துவிட்டன. மண்ணீரல் அளவுகளில் பாதி பென்சிலால் எழுதியவை. பதிவேட்டின் தையல் ஓரத்தில் தொடர் எண்கள் மடிப்புக்குள் போய்விட்டன. பின்பக்கங்கள் வெறுமை என்று விடப்பட்டிருக்கின்றன. அவற்றில்தான் பிரசவக் குறிப்புகள் இருக்கின்றன.

சரியாகச் செய்வதென்றால், பதிவேட்டைப் பிரித்து வெட்டாமல் 'வி' வடிவத் தாங்கியில் பாதி திறந்து வைத்து, மேலிருந்து கமராவால், அங்குலத்துக்கு 400 புள்ளி, முழு நிறம், பக்கத்தில் நிற அட்டையும் அளவுகோலும், வெறும் பக்கமும் அட்டையும் உட்பட எடுக்கவேண்டும். கவனமாக எடுப்பவருக்கு நாளொன்றுக்கு 300 பக்கம் பெரிய காரியம். சுருக்காத ஒரு புல்ஸ்காப் பக்கம் 50 மெகாபைட்டைத் தாண்டும். பத்தாயிரம் பக்கம் அரை டெராபைட். அதை மூன்று படியாக, ஒன்று வேறோர் ஊரில், வைத்து, ஆண்டுக்கொரு தடவை கோப்புகள் கெடவில்லையா என்று பார்க்கவேண்டும். ஒரே வன்தட்டில் வைத்துவிட்டு அசலைக் கழித்தால், வன்தட்டு பழுதாகும் நாளில் எல்லாம் போய்விடும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஒரே படியாக இருந்தவை எப்படிப் போயின என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அசல் கையில் இல்லாவிட்டால் வாசிப்புப் பிழையைத் திருத்தவும் முடியாது. உங்கள் மாதிரி அட்டவணையில் கொயினா "10 கிராம்" என்று பதியப்பட்டிருக்கிறது. பதிவேட்டில் இருப்பது கிரெய்ன். ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 65 மில்லிகிராம். பத்துக் கிரெய்ன் 650 மில்லிகிராம், வழக்கமான ஒரு வேளை மருந்து. பத்துக் கிராம் ஒருவரைக் கொல்லும். டிராம் என்ற மருந்தளவின் குறி 3 என்ற எண்ணைப் போலிருக்கும், அதை எண்ணாகவே பதிந்திருக்கிறார்கள். காணிப் பக்கத்திலும் இதே கதி: வரகுப் பரப்பு, நெற்பரப்பு என்ற இரண்டு பழைய நில அளவுகளும் ஒன்றாகவே ஏற்றப்பட்டிருக்கின்றன. ஏக்கருக்கு வரகுப் பரப்பு 16, நெற்பரப்பு 24. ஒன்றை மற்றதாக எழுதினால் காணி ஒன்றரை மடங்காகும் அல்லது மூன்றிலொன்று குறையும். பதிந்த பிள்ளைகளின் பிழை அல்ல இது. பழைய அளவுகளின் ஒரு பக்க அட்டவணையைக்கூட யாரும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை.

ஒரு விடயத்தில் உங்களை விடவும் நாங்கள் கட்டுப்பாடு கேட்கிறோம். பதிவேடுகளில் மேகநோய், கருச்சிதைவு, மனநோய் என்று பெயரோடும் ஊரோடும் எழுதியிருக்கிறது. அந்தக் குடும்பங்கள் இன்றும் அதே ஊர்களில் வாழ்கின்றன. ஸ்கான் முடிந்ததும் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றப்போவதாக உங்கள் அறிவித்தல் சொல்கிறது. வைத்தியரை நம்பிச் சொன்னதை ஊர்முழுக்கப் பரப்ப எவருக்கும் உரிமையில்லை. காணிப் பத்திரங்களையும் அப்படியே ஏற்றக்கூடாது. உறுதியின் தெளிவான படமும் கையொப்பமும் கிடைத்தால் கள்ள உறுதி முடிப்பவர்களுக்கு வேலை எளிதாகும்.

ஆகவே கேட்கிறோம்.

கழிப்பதற்கென்று பிரித்து வைத்திருக்கும் கட்டுகளை வெளியேற்றும் வேலையை இன்றே நிறுத்துங்கள். ஏற்கனவே எதுவும் போயிருந்தால் எது, எப்போது, எங்கே என்று எழுத்தில் அறிவியுங்கள். கடதாசி வியாபாரியின் களஞ்சியத்திலிருந்து மீட்க நாங்கள் வருகிறோம்.

எட்டுப் பெட்டிகளும் ஒரே சேகரிப்பாக, ஒரே இடத்தில், வந்த ஒழுங்கிலேயே இருக்கவேண்டும். வைத்தியர் தாள், மாமனார் தாள் என்று பிரித்த கட்டுகளைப் பழைய இடத்துக்குத் திருப்புங்கள். பிரிக்குமுன் உங்கள் ஊழியர் எடுத்த படங்கள் இருக்கின்றன, அவற்றைக் கொண்டு திருப்ப முடியும்.

ஒரு தாளையும் லமினேற் செய்யவேண்டாம். காட்சிக்கு நல்ல வண்ணப் படி போதும். அசல் உறுதி எதுவும் பெட்டியை விட்டு வெளியே போவதானால் இரு தரப்புக் கையொப்பத்தோடு பட்டியல் வேண்டும். குடும்பத்தின் சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

எண்ணிமப்படுத்தலை மேலே சொன்ன அளவில் மீண்டும் தொடங்குங்கள். அசலைக் கழிப்பது அதன் நோக்கமாக இருக்கக்கூடாது. அட்டவணை பதியும் இளையோருக்கு அளவுகளையும் மருந்துக் குறிகளையும் கற்பிக்க நாங்கள் கட்டணமின்றி வருவோம்.

நோயாளர் பெயருள்ள பக்கங்களை இணையத்தில் ஏற்றாதீர்கள். ஆய்வுக்கு வருபவர் பெயர்களை வெளியிடுவதில்லை என்று எழுதிக் கையொப்பமிட்ட பிறகே வாசிக்க ஓர் ஒழுங்கை எழுதுங்கள். அதை எழுதும் கூட்டத்தில் வைத்தியரின் குடும்பத்தாரும், அந்தக் குடியேற்றத்திலிருந்து ஒருவரும், ஒரு வைத்தியரும், ஒரு சட்டத்தரணியும் இருக்கவேண்டும்.

இவற்றைச் செய்ய உங்களால் இயலாதென்றால், அதுவும் ஒரு நேர்மையான பதில்தான். அப்படியானால் சேகரிப்பை முழுதாக, பட்டியலோடு, குடும்பத்திடமே திருப்பிக் கொடுங்கள். அல்லது அவர்கள் சம்மதத்தோடு அதைப் பிரிக்காமல் ஏற்கக்கூடிய பல்கலைக்கழக நூலகத்துக்கோ தேசிய சுவடிகள் காப்பகத்துக்கோ கையளியுங்கள். எந்த வழி என்பதை வரும் மாரிக்கு முன்னர் எங்களுக்கும் குடும்பத்தாருக்கும் எழுத்தில் அறிவிக்கவேண்டும். பெட்டிகள் இப்போது இருக்கும் அறையின் மேற்குச் சுவரில் சென்ற மாரியின் ஈரக்கறை இன்னும் இருக்கிறது. முடிவு எதுவானாலும், அந்தச் சுவரோடு ஒட்டி நிலத்தில் கிடக்கும் மூன்று பெட்டிகளையும் இந்த வாரமே உயர்த்தி வையுங்கள்.

இப்படிக்கு,
ஆவணப் பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டிருப்போர்